லோபாமுத்ரா என்ற பெயர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் மகளுக்கு லோபாமுத்ரா என்று பெயர் வைத்து ஒன்பது வருடம் ஆகிறது. தண்டையார்பேட்டையில், அகஸ்தியா பஸ் ஸ்டாப்புக்குப் பக்கத்துத் தெருவில் குடியிருக்கிறோம். பால் வாங்கப் போனாலும், மருந்துக்கடைக்குப் போனாலும், திருவொற்றியூர்க் கோயில் வரிசையில் நின்றாலும், அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதும் யாராவது ஒருத்தர் திரும்பிப் பார்த்துக் கேட்பார். கேட்பவர்களில் நிறைய பேர் வயிற்றுப் பிள்ளைக்காரிகள், இல்லையென்றால் பேத்திக்குப் பெயர் தேடும் ஆயாக்கள். நின்ற இடத்தில் அரைகுறையாகச் சொல்லிவிட்டு வருவது எனக்கே திருப்தியாக இல்லை. அதனால் எல்லாவற்றையும் உட்கார்ந்து எழுதிவிட்டேன்.

லோபாமுத்ரா என்றால் என்ன அர்த்தம்?

இரண்டு வடசொற்கள் சேர்ந்த பெயர். ‘லோபம்’ என்றால் மறைதல், இல்லாமல் போதல். ‘முத்ரா’ என்றால் முத்திரை, அடையாளம். அகத்தியர் தனக்கு மனைவியாக ஒரு பெண்ணை உருவாக்க நினைத்தபோது, ஒவ்வொரு உயிரிடமும் எது மிக அழகோ அதை எடுத்துச் சேர்த்து அவளைப் படைத்தார் என்பது கதை. மானிடம் கண், இன்னொன்றிடம் நடை என்று எடுக்க எடுக்க, அந்தந்த உயிரின் தனி முத்திரை அவளுக்குள் போய் மறைந்துவிட்டது. அதனால் லோபாமுத்ரா என்று மரபாக விளக்கம் சொல்வார்கள்.

‘மறைதல்’ என்ற சொல்லைக் கேட்டதும் சிலர் முகம் மாறும். குழந்தைக்குப் போய் இப்படியா என்பார்கள். பள்ளியில் படித்த புணர்ச்சி விதியை நினைத்துப் பாருங்கள். மரம் + வேர், மரவேர். நடுவில் இருந்த ‘ம்’ எங்கே போனது? தோன்றல், திரிதல், கெடுதல் என்று நன்னூல் சொல்லும் மூன்றில் இது கெடுதல். வடமொழி இலக்கணத்தில் இதற்குப் பெயர்தான் லோபம். ஒன்று காணாமல் போவதே லோபம் என்று பாணினி சூத்திரமே இருக்கிறது. ‘ம்’ கெட்ட இடத்தில்தான் இரண்டு சொல்லும் ஒன்றாகச் சேர்கின்றன. இதில் அபசகுனம் எதுவும் இல்லை.

லோபி என்றால் கஞ்சன் ஆச்சே?

அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். தொட்டில் போட்ட அன்றைக்கே வந்துவிட்டது. நாத்தனார் குழந்தையின் காதில் மூன்று முறை பெயரைச் சொல்லி முடித்ததும், எதிர்வீட்டு அம்மா, “இன்னாம்மா இது, போயும் போயும் கஞ்சப் பிசினாரின்னா பேரு வெப்பீங்க?” என்று கேட்டார். சபை கொஞ்ச நேரம் அமைதியாகிவிட்டது. எனக்கு அப்போது பதில் சொல்லத் தெரியவில்லை. அப்புறம்தான் தேடிப் படித்தேன்.

குழப்பத்துக்குக் காரணம் நம் எழுத்து. வடமொழியில் நான்கு விதமான ‘ப’ உண்டு, தமிழில் ஒன்றுதான். கஞ்சத்தனம், பேராசை என்ற பொருள் தரும் சொல்லில் வருவது நான்காவது ‘ப’. அழுத்தி, காற்றோடு சொல்ல வேண்டிய ஒலி அது. லோபி, உலோபி எல்லாம் அதிலிருந்து வந்தவை. லோபாமுத்ராவில் வருவது முதல் ‘ப’, பாட்டியில் வரும் ‘பா’. தமிழில் எழுதும்போது இரண்டும் ஒரே மாதிரி தெரிகின்றன, அவ்வளவுதான். இந்த விஷயத்தைப் பெயர் வைப்பதற்கு முன்பே பெரியவர்களிடம் சொல்லிவிடுங்கள். நான் சொல்லாமல் விட்டதால், என் மாமியார் ஒரு வருடம் வரைக்கும் மனசுக்குள் வைத்துக்கொண்டே இருந்தார்.

எப்படிச் சொல்வது?

லோ-பா-முத்-ரா. தமிழ் வாய்க்கு இதில் இரண்டு இடம் இடறும். இரண்டு உயிர் ஒலிகளுக்கு நடுவே ‘ப’ வந்தால் ‘சபை’, ‘கோபம்’ என்பதுபோல் மென்மையாகச் சொல்வது நம் வழக்கம். இங்கே அப்படி இல்லாமல் ‘பாட்டு’ மாதிரி வன்மையாகச் சொல்ல வேண்டும். ‘முத்ரா’வில் நேர் எதிர்: ‘முத்து’ என்று அழுத்தாமல், ‘இந்திரா’வில் வரும் மெல்லிய ஒலியைக் கொண்டுவர வேண்டும். இரண்டு வாரம் பழகினால் வந்துவிடும். எழுதினால் ஐந்தே எழுத்துதான். கேட்க நீளமாக இருக்கிறது என்பவர்களிடம் இதைச் சொல்லலாம்.

யார் இந்த லோபாமுத்ரா?

அகத்தியரின் மனைவி என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். எனக்கு அந்தப் பதில் போதவில்லை. பெயர் வைத்ததற்குக் காரணமே அவள் பேசிய பேச்சுகள்தான்.

முதலில் ரிக் வேதம். முதல் மண்டலத்தில் 179-ஆவது சூக்தம், அதாவது பாடல். ஆறே மந்திரங்கள் கொண்டது. அதில் முதல் இரண்டு லோபாமுத்ராவின் வாயால் வருபவை. பல சரத்காலங்களாக இரவும் பகலும் உழைத்துக் களைத்துவிட்டேன், ஒவ்வொரு விடியலும் மூப்பைக் கொண்டுவருகிறது, மூப்பு உடம்பின் அழகைக் குறைக்கிறது, கணவர்கள் மனைவியரிடம் வரட்டும் என்று சொல்கிறாள். தவம், தவம் என்றிருக்கும் கணவனிடம், நானும் இந்த வீட்டில் இருக்கிறேன் என்று சொன்ன பெண் குரல் அது. கணவன் கடிந்துகொண்டதாகவோ, அவள் மன்னிப்புக் கேட்டதாகவோ அங்கே இல்லை. வேத மந்திரம் கண்ட ரிஷிகைகள், அதாவது பெண் ரிஷிகள் என்று சொல்லும்போது கோஷா, அபாலா, விஸ்வவாரா ஆகியோரோடு இவள் பெயரும் வரும்.

அடுத்து மகாபாரதம், வன பர்வம். அகத்தியர் வழியில் ஒரு பள்ளத்தில் தன் முன்னோர்கள் தலைகீழாகத் தொங்குவதைப் பார்க்கிறார். உனக்குப் பிள்ளை பிறந்தால்தான் எங்களுக்கு விமோசனம் என்கிறார்கள். அப்போதுதான் எல்லா உயிர்களின் அழகையும் சேர்த்து ஒரு பெண்ணைப் படைத்து, பிள்ளைக்காகத் தவம் இருந்த விதர்ப்ப ராஜாவின் வீட்டில் பிறக்க வைக்கிறார். அதனால் அவளுக்கு வைதர்ப்பி என்றும் ஒரு பெயர் உண்டு. வளர்ந்த பிறகு முனிவர் வந்து பெண் கேட்கிறார். காட்டில் மரவுரி கட்டி வாழ்கிற மனிதருக்கு எப்படிக் கொடுப்பது, கொடுக்காவிட்டால் சாபம் வருமே என்று ராஜாவும் ராணியும் கலங்கி நிற்கிறார்கள். அந்தப் பெண்ணே முன்னால் வந்து, என்னைக் கொடுங்கள் அப்பா, கவலைப்படாதீர்கள் என்கிறாள்.

பட்டையும் நகையையும் கழற்றிவிட்டு மரவுரியோடு கணவனுக்குப் பின்னால் போகிறாள். ஆனால் அதோடு நிற்கவில்லை. பிள்ளை வேண்டும் என்று அவர் நெருங்கி வரும்போது, என் அப்பா வீட்டில் இருந்த மாதிரிக் கட்டிலும் நகையும் இருந்தால்தான் என்று நிபந்தனை போடுகிறாள். தவத்தைக் கரைத்துப் பணம் சேர்க்கக் கூடாது என்பதும் அவள் போட்ட கட்டளைதான்.

முனிவர் பணம் தேடிக் கிளம்புகிறார். மூன்று ராஜாக்களிடம் போகிறார். ஒவ்வொருவரும் வரவு செலவுக் கணக்கை எடுத்து முன்னால் வைக்கிறார்கள். வரவுக்கும் செலவுக்கும் சரியாக இருக்கிறது. இதில் கை வைத்தால் குடிமக்களுக்குக் கஷ்டம் என்று அவர் ஒரு காசும் வாங்கவில்லை. மாசக் கடைசியில் மளிகைக் கணக்கு எழுதும் எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும். கடைசியில் பணக்கார அசுரன் இல்வலனிடம் போகிறார்கள். அங்கேதான் ஆட்டுக்கறியாக வந்த வாதாபியைத் தின்று செரித்தது நடக்கிறது. ஆக, நாம் எல்லோரும் கேட்டு வளர்ந்த வாதாபி கதை தொடங்கியதே லோபாமுத்ரா ஒரு கட்டில் கேட்டதால்தான். என் அம்மா குழந்தைக்குப் பால் கொடுத்து முடித்ததும் வயிற்றைத் தடவி “வாதாபி ஜீர்ணம், வாதாபி ஜீர்ணம்” என்பார். அந்தக் கதைக்கும் தொட்டிலில் கிடந்த குழந்தையின் பெயருக்கும் இப்படி ஒரு தொடர்பு இருப்பது அம்மாவுக்கே தெரியாது. நான் சொன்னதும் தடவிக்கொண்டிருந்த கையை நிறுத்திவிட்டு, “அப்பிடியா!” என்று குழந்தையைப் பார்த்துச் சிரித்தார்.

இன்னும் ஒன்று. உனக்கு ஆயிரம் பிள்ளை வேண்டுமா, பத்துப் பேருக்குச் சமமான நூறு பேர் வேண்டுமா, இல்லை ஆயிரம் பேரை வெல்லும் ஒரே பிள்ளை போதுமா என்று முனிவர் அவளிடம் கேட்கிறார். ஒரே பிள்ளை, ஆனால் நல்ல பிள்ளை என்கிறாள். சின்ன வயதிலேயே அப்பாவுக்கு விறகு சுமந்து கொடுத்ததால் அந்தப் பையனுக்கு இத்மவாகன் என்று பெயர் வந்தது.

தமிழுக்கும் இந்தப் பெயருக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா?

உண்டு. எனக்கு இது தெரிய வந்த நாளில்தான் பெயரை முடிவு செய்தேன்.

தொல்காப்பியப் பாயிரத்துக்கு உரை எழுதிய நச்சினார்க்கினியர் ஒரு கதை சொல்கிறார். அவர் காலம் 14-ஆம் நூற்றாண்டு. அகத்தியர் தெற்கே வந்து பொதிகையில் தங்கியபின், மனைவியை அழைத்து வரும்படி மாணவர் தொல்காப்பியரை அனுப்புகிறார். நான்கு கோல் தூரம் தள்ளி நின்று அழைத்து வா என்பது ஆசிரியர் கட்டளை. வழியில் வைகையில் வெள்ளம் வந்து அந்த அம்மையை அடித்துக்கொண்டு போகிறது. தொல்காப்பியர் கரையில் இருந்த மூங்கிலை முறித்து நீட்டி அவரைக் கரையேற்றுகிறார். நான்கு கோல் தூரம் என்ற கட்டளை மீறப்பட்டது என்று அகத்தியர் கோபித்து, நீங்கள் சுவர்க்கம் போகமாட்டீர்கள் என்று இருவரையும் சபிக்கிறார். ஒரு குற்றமும் செய்யாத எங்களைச் சபித்த நீங்களும் சுவர்க்கம் போகமாட்டீர்கள் என்று மாணவர் பதில் சாபம் கொடுக்கிறார். ஆசிரியருக்கும் மாணவருக்கும் பகை வந்த கதையாக இதைத் தமிழ் வாத்தியார்கள் சொல்வார்கள். வெள்ளத்தில் போன பெண்ணைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

அந்த உரையில் பெயர் எப்படி வருகிறது தெரியுமா? ‘உலோபாமுத்திரையார்’. ல சொல்லுக்கு முதலில் வராது என்பதால் முன்னால் ஓர் ‘உ’, ‘ரா’ போய் ‘ரை’, மரியாதைக்கு ஓர் ‘ஆர்’. வடமொழிப் பெயரைத் தமிழ் தன் வீட்டுக்குள் கூப்பிட்டு உட்கார வைத்த மாதிரி இருக்கும்.

காவிரிக் கதையும் இருக்கிறது. குடகு நாட்டில் லோபாமுத்ராதான் காவிரியாக ஓடினாள் என்று நம்புகிறார்கள். அகத்தியர் கமண்டலத்தில் அடைத்து வைத்த தண்ணீர் கவிழ்ந்து ஆறானது என்று நாம் கேட்ட கதையில் அந்தத் தண்ணீரே அவர் மனைவி என்பது அவர்கள் சொல்லும் கூடுதல் விவரம்.

நல்ல தமிழ்ப் பெயர் வைத்திருக்கலாமே?

இந்தக் கேள்வியில் இருக்கும் அக்கறை எனக்குப் புரிகிறது. சூரியநாராயண சாஸ்திரி பரிதிமாற்கலைஞர் ஆனதும், வேதாசலம் மறைமலையடிகள் ஆனதும் நடந்த மண் இது. என் பெரிய பெண்ணுக்குத் தமிழ்ப் பெயர்தான். இரண்டாவது பெண் வயிற்றில் இருந்தபோது இந்தக் கதைகளில் விழுந்துவிட்டேன். லோபாமுத்ரா வடசொல் என்பதை மறைத்து, இது தமிழ் என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. தமிழ்ப் பெயர்தான் வேண்டும், ஆனால் நம் வடசென்னைப் பெயராக இருக்க வேண்டும் என்றால் வடிவு, சங்கிலி என்று திருவொற்றியூரே தருகிறது. சுந்தரர் இங்கே மணந்த சங்கிலி நாச்சியார் பெயரை இப்போது யாருமே வைப்பதில்லை. அதுவும் எனக்கு வருத்தம்தான்.

இது ஐயர் வீட்டுப் பெயரா?

நாங்கள் இல்லை. லோபாமுத்ராவே ராஜா வீட்டுப் பெண். யாரும் வைக்கலாம்.

சாமி பெயரா? கோயிலில் அர்ச்சனை செய்யலாமா?

அர்ச்சனை குழந்தையின் பெயருக்குத்தானே, தாராளமாகச் செய்யலாம். லலிதா சகஸ்ரநாமத்திலும் இந்தப் பெயர் வருகிறது. ‘லோபாமுத்ரார்ச்சிதா’, அதாவது லோபாமுத்ரையால் பூஜிக்கப்பட்டவள் என்று அம்பாளுக்கு ஒரு நாமம். அம்பாளை வழிபடும் ஸ்ரீவித்யை முறையில் ஒரு மந்திர வழிக்கே இவள் பெயர் இருக்கிறது. திருவொற்றியூர் வடிவுடையம்மனுக்குத் திரிபுரசுந்தரி என்றும் பெயர் உண்டு. வெள்ளிக்கிழமை அங்கே பெண்கள் உட்கார்ந்து சகஸ்ரநாமம் சொல்லும்போது என் மகள் மடியில் தலைவைத்துக் கேட்டுக்கொண்டே இருப்பாள். அந்த நாமம் வந்ததும் எழுந்து உட்கார்ந்துவிடுவாள்.

எத்தனை பேருக்கு இந்தப் பெயர் இருக்கிறது?

தமிழ்நாட்டில் மிக அரிது. தண்டையார்பேட்டை, காசிமேடு, ராயபுரம், வண்ணாரப்பேட்டை என்று எங்கள் சுற்றுவட்டாரத்தில் இன்னொரு லோபாமுத்ராவை நான் இதுவரை பார்க்கவில்லை. வங்காளத்திலும் ஒடிசாவிலும் நிலைமை வேறு. அங்கே இது பழக்கமான பெயர். வங்காளப் பாடகி லோபாமுத்ரா மித்ராவைப் பலருக்குத் தெரியும். தொலைக்காட்சியில் வந்த மாடல் லோபாமுத்ரா ராவுத் நாக்பூர்ப் பெண். நாக்பூர் இருப்பது விதர்ப்பத்தில், நம் கதாநாயகியின் பிறந்த வீட்டில்.

இங்கே ஏன் பரவவில்லை? என் எண்ணம் இது: உச்சரிப்பு ஒரு காரணம், லோபி என்ற சொல் இன்னொரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், நாம் அகத்தியரை எடுத்துக்கொண்ட அளவுக்கு அவர் மனைவியை எடுத்துக்கொள்ளவில்லை. எங்கள் ஏரியாவையே பாருங்கள். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் 1967-இல் வந்த அகஸ்தியா தியேட்டர் 2020-இல் மூடப்பட்டது. படம் ஓடுவது நின்றும், பஸ் ஸ்டாப்புக்கு இன்றைக்கும் அகஸ்தியாதான் பெயர். கண்டக்டர் ஒரு நாளைக்கு எத்தனை முறை அந்தப் பெயரைக் கூவுகிறார்! ஒரு சாயங்காலம் பேருந்தில் அவர் “அகஸ்தியா, அகஸ்தியா எறங்கு” என்று சத்தம் போட, நான் பின்னால் இருந்த மகளை “லோபாமுத்ரா, வா” என்று கூப்பிட்டேன். இறங்கிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் படியிலேயே நின்று எங்களைத் திரும்பிப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். அவர் ஒருவர் போதும் எனக்கு.

எந்த நட்சத்திரத்துக்குப் பொருந்தும்? எண் என்ன?

‘லோ’ பரணி நட்சத்திரத்தின் நான்காம் பாதத்துக்கு உரிய எழுத்து. எண்கணிதம் பார்ப்பவர்களுக்கு: ஆங்கிலத்தில் Lopamudra என்று ஒன்பது எழுத்தாக எழுதினால் கூட்டுத்தொகை 36, அதாவது 9. ‘டி’க்குப் (d) பிறகு ‘எச்’ சேர்த்தால் 41, அதாவது 5. இரண்டையும் கேட்டுவிட்டுத்தான் என் வீட்டுக்காரர் சம்மதித்தார். என் மகள் பரணி இல்லை, அதனால் ஒன்றும் ஆகவில்லை.

சர்டிஃபிகேட்டில் எப்படி எழுதுவது?

இதில் கவனமாக இருங்கள். பிறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். பெயர் அப்போதே முடிவாகாவிட்டால் பரவாயில்லை. பெயர் இல்லாமலே பதிவு செய்துவிட்டு, 12 மாதத்துக்குள் கட்டணம் இல்லாமல் பெயரைச் சேர்க்கலாம். அதற்கப்புறம் 15 வருடம் வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம்.

ஆங்கில எழுத்தை வீட்டில் முதலில் முடிவு செய்து ஒரு தாளில் எழுதி, எல்லா இடத்திலும் அந்தத் தாளையே காட்டுங்கள். Lopamudra, Lopamudhra, Lopamuthra என்று மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்வார்கள். எங்களுக்கு ஒரு அட்டையில் தமிழில் ‘லோபமுட்ரா’ என்று அச்சாகி வந்தது. ஆங்கிலத்தைக் கம்ப்யூட்டரே தமிழாக்கியதால் வந்த வினை. திருத்த மூன்று முறை அலைந்தோம். மூன்றாவது முறை கவுண்டரில் இருந்த பெண் பெயரைச் சத்தமாகப் படித்துப் பார்த்து, “நல்லா இருக்கே, யாருக்கா இது?” என்று கேட்டார். வரிசை நின்றதைக்கூடப் பார்க்காமல் கட்டில் கதை வரைக்கும் சொல்லிவிட்டு வந்தேன். தமிழ் எழுத்தை மட்டும் அங்கேயே திரையில் ஒரு முறை பார்த்துவிட்டு வெளியே வாருங்கள்.

வீட்டில் என்ன சொல்லிக் கூப்பிடுகிறீர்கள்?

பள்ளியில் லோபா. தெருவில் முத்ரா. என் மாமியாருக்கு மட்டும் அவள் ‘முத்து’. முத்துக்கும் முத்திரைக்கும் சொல்லளவில் உறவு கிடையாது. ஆனால் கடலோரத்து ஆயா வாயில் அந்தப் பெயர் அப்படித்தான் வந்தது, இவளும் அதற்குத்தான் முதலில் திரும்பினாள்.

மகளுக்கு அந்தப் பெயர் பிடித்திருக்கிறதா?

ஒன்றாம் வகுப்பில் பிடிக்கவில்லை. எல்லோருக்கும் இரண்டு எழுத்து, மூன்று எழுத்து, எனக்கு மட்டும் ஏன் இப்படி என்று அழுதாள். அப்போது வற்புறுத்தாமல் விட்டுவிட்டேன். ஏழு வயதில் வைகை வெள்ளக் கதையைச் சொன்னேன். “மூங்கில புடிச்சுனு அவங்களே ஏறி வந்தாங்களா, இல்ல அவரு இழுத்தாரா?” என்று கேட்டாள். ரெண்டும்தான் என்றேன். இந்த வருடம் தமிழ் நோட்டுக்கு அட்டை போட்டு, லேபிளில் அவளே பெயர் எழுதினாள். முதலில் ஓர் ‘உ’ போட்டு, கடைசியில் ‘ரை’ போட்டு, உலோபாமுத்திரை என்று. தமிழ் மிஸ் அதைத் திருத்தவில்லை.